பச்சை மங்காத மாட்சா வெண்ணெய்க் குக்கீகள்: பண்டிகை நாள்களுக்கான முழுமையான வழிகாட்டி

வெண்ணெய்க் குக்கீ வெந்துவிட்டது என்பதற்கு அதன் ஓரங்களில் படரும் பொன்னிறமே வழக்கமான அடையாளம். பசுந்தேயிலைத் தூளான மாட்சாவைச் சேர்த்துச் செய்யும் குக்கீயிலோ, அந்தப் பொன்னிறம் கண்ணுக்குத் தெரியும் வேளையில் பச்சை நிறமும் தேயிலையின் மணமும் பெருமளவு போயிருக்கும். ஆகவே, வழக்கமான செய்முறையில் இரண்டு கரண்டி தூளைக் கூடுதலாகப் போடுவதோடு இந்த வேலை முடிந்துவிடுவதில்லை. எந்தச் சர்க்கரை, எந்த வெண்ணெய், எவ்வளவு சூடு, எப்போது வெளியே எடுப்பது என்ற ஒவ்வொரு முடிவும் அந்தப் பச்சையைக் காப்பதை முன்னிட்டே அமைய வேண்டும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகியவற்றையொட்டிப் பரிசுப் பெட்டிகளில் வைப்பதற்கு ஏற்ற ஏறக்குறைய 40 குக்கீகளுக்கான அளவும் முறையும் இங்கே விரிவாகத் தரப்படுகின்றன. மாவைப் பிசைவது முதல் அலங்காரம் உலர்வது வரை ஐந்து மணி நேரம் ஆகலாம். அதில் கைவேலை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இராது, மீதி முழுவதும் குளிரவும் ஆறவும் காத்திருக்கும் நேரமே.

பச்சை ஏன் மங்குகிறது

தேயிலையின் பச்சைக்குக் காரணமான பச்சையத்தின் மூலக்கூறு நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. சூடும் அமிலமும் சேரும்போது அந்த மெக்னீசியம் விலகி, அதன் இடத்தில் ஹைட்ரஜன் வந்து அமர்கிறது. அப்போது தெளிந்த பச்சை மாறி, ஆலிவ் காயின் மந்தமான பழுப்புப் பச்சை வந்துவிடுகிறது. கீரையை நெடுநேரம் மூடி வேகவைத்தால் நிறம் கெடுவதற்கும் இதே மாற்றந்தான் காரணம். இது ஒரு புறம். மறுபுறம், மாவிலும் முட்டையிலும் உள்ள புரதம் சர்க்கரையோடு வினைபுரிந்து உண்டாக்கும் பழுப்பு நிறம், ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் குக்கீயின் மேற்பரப்பில் வேகமாகக் கூடத் தொடங்குகிறது. பச்சையின் மீது பழுப்பு ஏறினால் குக்கீ காய்ந்த இலையின் நிறத்தை அடைகிறது. ஒளியும் காற்றும் பட்டால், அடுப்பிலிருந்து நல்ல நிறத்தோடு வெளிவந்த குக்கீயும் பிறகு வெளுத்துப்போகும்.

ஆகவே அமிலம் கூடாது, மிகுந்த சூடு கூடாது, பழுப்பேறுவதைத் தூண்டும் பொருள்கள் கூடாது, ஒளி கூடாது. இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் கட்டுப்பாடுகள் எதுவும் வீண் கெடுபிடியாகத் தோன்றாது.

அமிலம் பச்சையைக் கெடுக்கிறது என்றால் காரத்தன்மையுள்ள சமையல் சோடாவைச் சேர்த்து அதைக் காக்கலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. ஒரு சிட்டிகை சோடா பச்சையத்தை ஓரளவு காக்கும் என்பது உண்மைதான். ஆனால் காரத்தன்மை கூடினால் மேற்பரப்பு இன்னும் விரைவாகப் பழுப்பேறும். அதோடு நாவில் சவர்க்காரம் போன்ற ஒரு பின்சுவையும் நிற்கும். ஒரு பக்கம் பெற்றதை மறுபக்கம் இழப்பதால் இந்தக் குறுக்குவழியைத் தவிர்ப்பதே நல்லது.

தூளைத் தேர்ந்தெடுத்தல்

மாட்சா வேறு, சாதாரணப் பசுந்தேயிலையை அரைத்த தூள் வேறு. மாட்சாவுக்கான தேயிலைச் செடிகளைப் பறிப்புக்கு முந்திய மூன்று, நான்கு வாரங்களுக்கு வெயில் படாமல் நிழற்பந்தலிட்டு வளர்க்கிறார்கள். வெளிச்சம் குறையும்போது செடி தன் இலையில் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. இனிய சுவை தரும் தியானின் என்ற அமினோ அமிலம் துவர்ப்பான கேட்டெகின்களாக மாறுவதும் குறைகிறது. பறித்த இலையை உடனே ஆவியில் வாட்டி, உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கியபின் கிடைப்பதற்கு ஜப்பானில் தெஞ்சா என்று பெயர். அதைக் கல் எந்திரத்தில் மெதுவாக அரைத்தால் வருவதே மாட்சா. ஒரு கல் எந்திரம் ஒரு மணி நேரத்தில் 40 கிராம் அளவே அரைக்கும் என்பதால் அதன் விலை உயர்ந்து நிற்பதில் வியப்பில்லை. கியோட்டோவை அடுத்த உஜி, ஐச்சி மாகாணத்தின் நிஷியோ, தெற்கே ககோஷிமா ஆகியவை பெயர்பெற்ற விளைவிடங்கள்.

டப்பாக்களில் காணப்படும் செரிமோனியல் (தேநீர்ச் சடங்குக்கு உரியது), குலினரி (சமையலுக்கு உரியது) என்ற தரப்பெயர்கள் சட்டம் வரையறுத்தவை அல்ல. விற்பவர் தாமே இடுபவை. எனவே பெயரை நம்பாமல் தூளையே பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் சிறிது தூளை வைத்து விரலால் இழுத்தால், நல்ல தூள் தெளிந்த பச்சைக் கோடாக மென்மையாகப் படியும். மஞ்சளோ பழுப்போ கலந்து, மணல்போல் நெருநெருத்தால் அது பழையது அல்லது தரம் குறைந்தது. அடுப்பில் வைத்தால் எந்தத் தூளின் நிறமும் குறையுமே தவிரக் கூடாது. தாளில் மங்கலாகத் தெரிவது குக்கீயில் பழுப்பாகவே முடியும்.

குடிப்பதற்கென்றே விற்கப்படும் மிக உயர்ந்த தூளைக் குக்கீக்குப் பயன்படுத்துவது வீண் செலவு என்பது என் கருத்து. அதன் நுட்பமான இனிமை வெண்ணெயிலும் சர்க்கரையிலும் அடங்கிப்போய்விடும். சற்றே துவர்ப்பும் கசப்பும் உள்ள, ஆனால் நிறம் நன்றாக இருக்கும் நடுத்தரத் தூளே இதற்குப் பொருத்தம். அந்தக் கசப்புதான் இனிப்பைத் தாண்டி நாவை எட்டுகிறது. சர்க்கரையும் பால்பொடியும் கலந்த மாட்சா லாட்டே கலவைகளை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் தேயிலை குறைவு. பால்பொடியோ விரைவில் பழுப்பேறும். மாட்சா கிடைக்காவிட்டால் சாதாரணப் பசுந்தேயிலையை மிகமிக நைசாக அரைத்து, மெல்லிய சல்லடையில் இருமுறை சலித்துச் சேர்க்கலாம். மணம் வரும், ஆனால் குக்கீ பச்சையாக இராமல் புள்ளிகள் விழுந்த சாம்பல் நிறமாக இருக்கும். அதையும் ஒரு தனி வகையாக ஏற்றுக்கொள்ளலாமே தவிர, மாட்சாவுக்கு மாற்றாக எதிர்பார்க்க முடியாது.

அளவுகள்

உப்பில்லாத வெண்ணெய் – 200 கிராம்
ஐசிங் சர்க்கரை – 100 கிராம்
மைதா – 270 கிராம்
கார்ன்ஃப்ளார் – 15 கிராம்
மாட்சா தூள் – 15 கிராம்
முட்டை மஞ்சள் கரு – 1
தூள் உப்பு – 2 கிராம், அதாவது மூன்றில் ஒரு பங்கு தேக்கரண்டி
அலங்காரத்திற்கு: வெள்ளைச் சாக்லேட் – 150 கிராம், ஈரம் முற்றிலும் நீங்கிய ஸ்ட்ராபெரி அல்லது ராஸ்பெரித் துணுக்குகள் – 2 மேசைக்கரண்டி

சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு என்பது ஜெர்மானிய அடுமனைகளில் வழங்கும் பழைய கணக்கு. மைதா, கார்ன்ஃப்ளார், மாட்சா மூன்றையும் கூட்டினால் 300 கிராம் வருவதைக் கவனிக்கலாம். மாட்சாவும் உலர்ந்த தூள்தான் என்பதால் அதன் எடையை மாவின் கணக்கிலிருந்தே கழித்திருக்கிறேன். அப்படிக் கழிக்காமல் மேலே சேர்த்தால் மாவு வறண்டு வெடிக்கும். இவை அனைத்தையும் தராசில் நிறுத்தே எடுங்கள். மாட்சா மிகவும் இலேசானது. கரண்டியில் அமுக்கி எடுப்பதற்கும் தளர்வாக எடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தராசு இல்லையென்றால் தலைதட்டிய 7 தேக்கரண்டி ஏறக்குறைய 15 கிராம் என்று கொள்ளலாம். இந்த அளவு தெளிவான தேயிலைச் சுவையைத் தரும். குழந்தைகளுக்கென்றே செய்வதானால் 10 கிராமாகக் குறைத்து, குறைத்த 5 கிராமை மைதாவில் கூட்டிக்கொள்ளலாம். 20 கிராமுக்கு மேல் போனால் கசப்பு முன்வந்து நிற்கும்.

ஐசிங் சர்க்கரையை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பருமனான சர்க்கரைப் பரல்கள் அடுப்பில் உருகும்போது மாவு பரந்து அச்சின் உருவம் கலைகிறது. பொடித்த சர்க்கரை அவ்வளவு பரவவிடுவதில்லை. நாட்டுச் சர்க்கரை, பழுப்புச் சர்க்கரை, தேன் ஆகியவை இங்கே வேண்டாம். பழுப்புச் சர்க்கரை தன் நிறத்தைக் கொண்டுவருகிறது, சற்று அமிலத்தன்மையும் உடையது. தேனில் உள்ள எளிய சர்க்கரைகள் மிக விரைவாகச் சிவக்கும்.

வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு கொழுப்பு இருக்க வேண்டும். வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயில் நீரும் மோரும் மிகுதியாகத் தங்கியிருக்கக்கூடும். புளிப்பும் சேர்ந்திருந்தால் நிறத்துக்கும் நல்லதல்ல. ஆழ்ந்த மஞ்சள் நிற வெண்ணெயைவிட வெளிறிய வெண்ணெயில் பச்சை தெளிவாகத் தெரியும். எருமைப் பாலின் வெண்ணெய் இயல்பிலேயே வெள்ளையாக இருப்பதால், உப்பும் புளிப்பும் இல்லாத நல்ல தரத்தில் கிடைக்குமானால் அது இதற்கு மிகப் பொருத்தம். முழு முட்டை சேர்ப்பதில்லை. வெள்ளைக் கருவின் நீரும் புரதமும் குக்கீயைக் கடினமாக்கும். முட்டையே வேண்டாம் என்பவர்கள் மஞ்சள் கருவுக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த பால் விடலாம். குக்கீ சற்று மொறுமொறுப்பாகவும் கொஞ்சம் வெளிறியும் வரும். வனிலா எசென்ஸைத் தேடாதீர்கள். எல்லா குக்கீயிலும் அதைச் சேர்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இங்கே அது தேயிலையின் மணத்தை மூடிவிடும். பேக்கிங் பவுடரும் தேவையில்லை. குக்கீ உப்பினால் அச்சின் கூர்மை போய்விடும்.

மாவு தயாரித்தல்

வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி அறையில் வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெயாக ஒட்டக்கூடாது. வெப்பமானியில் பார்த்தால் 18 முதல் 20 டிகிரி. வெயில் காலமானால் இதற்குப் பத்து நிமிடமே போதும். வெண்ணெய் உருகிப்போனால் மீண்டும் குளிரவைத்தும் பழைய நிலைக்கு வராது. அதை வேறு சமையலுக்கு வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவதே சரி.

பெரும்பாலும் மாட்சாவை மைதாவோடு சலித்துக் கடைசியில் சேர்க்கச் சொல்வார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. மாட்சாவின் துகள்கள் மிக நுண்மையானவை. எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். மைதாவோடு கடைசியில் சேர்த்தால் அந்தக் கட்டிகள் கரையும்வரை மாவைப் பிசைய வேண்டியிருக்கும். பிசையப் பிசைய மைதாவின் புரதம் இழுவையாகி, குக்கீ நொறுங்காமல் கடிபடும். அதனால் மாட்சாவை ஐசிங் சர்க்கரையோடு சேர்த்து மெல்லிய சல்லடையில் இருமுறை சலித்து, அந்தப் பச்சைச் சர்க்கரையை வெண்ணெயோடு கலப்பதே மேல். சர்க்கரைத் துகள்கள் கட்டிகளைப் பிரித்துவிடும். நிறமும் வெண்ணெயில் சீராகப் பரவும். மைதா சேர்த்தபின் மிகக் குறைவாகக் கலந்தால் போதும்.

முதலில் வெண்ணெயையும் உப்பையும் மட்டும் மரக்கரண்டியாலோ மின் பீட்டரின் குறைந்த வேகத்திலோ ஒரு நிமிடம் மசித்துக்கொள்ளுங்கள். பச்சைச் சர்க்கரையை இரண்டு பாகமாகச் சேர்த்து, பசைபோல் வழவழப்பாகும்வரை இரண்டு நிமிடம் கலக்குங்கள். கேக்கிற்குச் செய்வதுபோல் வெண்மையாகிப் பொங்கும்வரை அடிக்க வேண்டியதில்லை. காற்று அதிகம் ஏறினால் அடுப்பில் குக்கீ எழுந்து, பிறகு அமர்ந்து, ஓரம் கலையும். இப்போது மஞ்சள் கருவைச் சேர்த்து அது மறையும்வரை மட்டும் கலக்குங்கள். பாத்திரத்தின் பக்கங்களிலும் அடியிலும் ஒட்டியிருப்பதை ஸ்பேட்டுலாவால் வழித்து நடுவே கொண்டுவாருங்கள். இதை விட்டுவிட்டால் வெளிர்பச்சைக் கோடுகள் கடைசிவரை இருக்கும்.

மைதாவையும் கார்ன்ஃப்ளாரையும் சேர்த்துச் சலித்து, ஒரே தடவையாகப் பாத்திரத்தில் போடுங்கள். பீட்டரை எடுத்துவிட்டு, ஸ்பேட்டுலாவின் விளிம்பால் வெட்டுவதுபோல் மடித்து மடித்துக் கலக்குங்கள். முதலில் புட்டு மாவைப்போல் உதிரியாகத் தோன்றும். பால் ஊற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கட்டத்தில்தான் எழும், ஊற்றாதீர்கள். உலர் மாவு கண்ணுக்குத் தெரியாத நிலை வந்ததும், உள்ளங்கையால் பாத்திரத்தின் பக்கத்தில் அழுத்தினால் அது தானே சேர்ந்து திரளும். வேகாத மைதாவும் முட்டையும் சேர்ந்திருப்பதால் மாவை ருசிபார்க்க வேண்டாம்.

தேய்த்தலும் குளிரவைத்தலும்

திரண்ட மாவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு பேக்கிங் தாள்களுக்கு நடுவே வைத்து, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு உருட்டுக்கட்டையால் தேய்த்துக்கொள்ளுங்கள். மாவை உருண்டையாகக் குளிரவைத்துவிட்டுப் பிறகு தேய்ப்பது கடினம். அது கல்லாக இறுகி ஓரங்களில் வெடிக்கும். மென்மையாக இருக்கும்போதே தேய்த்துவிட்டால் உலர் மாவு தூவ வேண்டிய தேவையும் இல்லை. தூவிய மாவு பச்சையின் மேல் வெள்ளைத் திட்டுகளாக நிற்கும் என்பதால் இது சிறிய ஆதாயமல்ல. ஒரே கனமாக வருவதற்கு, 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பட்டைகளை இரு புறமும் வைத்து அவற்றின்மேல் கட்டையை ஓட்டலாம். கனம் மாறினால் மெல்லிய குக்கீ சிவக்கும்போது தடித்தது வேகாமல் இருக்கும். பழுப்பேற இடம் கொடுக்கக்கூடாத இந்தக் குக்கீயில் அந்த வேறுபாட்டை மறைக்க வழியில்லை.

தேய்த்ததைத் தாளோடு தட்டில் வைத்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். அதே பெட்டியில் வெங்காயமோ குழம்போ திறந்திருந்தால் வெண்ணெய் அந்த மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். நன்றாகச் சுற்றி மூடிவிடுங்கள். பிறகு வெளியே எடுத்து, மேல் தாளை ஒருமுறை உரித்துத் திரும்பப் போட்டு, மாவைப் புரட்டி, மற்றத் தாளை உரித்துவிட்டு வெட்டத் தொடங்குங்கள். இப்படி இருபுறமும் ஒட்டு விடுபட்டால் வெட்டிய வடிவங்கள் எளிதாக எடுபடும். வெடித்தால் ஐந்து நிமிடம் அறையில் இருக்கவிடுங்கள்.

5 சென்டிமீட்டர் அளவுள்ள நட்சத்திரம், இலை, ஊசியிலை மரம் ஆகிய அச்சுகள் இந்த நிறத்துக்குப் பொருந்தும். மிகக் குறுகிய முனைகள் உள்ள அச்சுகளைத் தவிருங்கள். முனைகள்தான் முதலில் நிறம் மாறும். ஒரே தட்டில் பெரியதையும் சிறியதையும் கலந்து வைக்காதீர்கள். மிஞ்சிய துணுக்குகளைப் பிசையாமல் பக்கத்தில் பக்கம் வைத்து அழுத்தி மீண்டும் தேய்க்கலாம். இரண்டாம் முறைக்கு மேல் தேய்த்தவை சற்றுக் கடினமாகவே இருக்கும். வெட்டியவற்றைப் பேக்கிங் தாள் விரித்த தட்டில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் அடுக்கி, அடுப்பு சூடாகும்வரை மறுபடியும் 15 நிமிடம் குளிரில் வையுங்கள்.

அச்சு இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. மாவை 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைகளாக உருட்டி, வெள்ளைக் கரு பூசி, பருமனான வெள்ளைச் சர்க்கரையில் புரட்டி, இரண்டு மணி நேரம் குளிரவைத்து, 8 மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கால் சுற்றுத் திருப்பினால் ஒருபக்கம் தட்டையாகாது. சர்க்கரை ஓரம் பனி படிந்ததுபோல் மின்னும். உண்மையில், சாக்லேட்டில் தோய்க்கும் பொறுமை இல்லாத வேளைகளில் இதுவே மிக அழகிய அலங்காரம்.

சுடுதல்

ஓவனை 150 டிகிரி செல்சியஸில் குறைந்தது 20 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். விசிறியுள்ள ஓவனானால் 135 டிகிரி. குமிழில் எழுதிய எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல ஓவன்களில் ஒன்றாக இருப்பதில்லை. 15 டிகிரி வேறுபாடு சாதாரண பிஸ்கட்டைக் கெடுக்காது, இதைக் கெடுத்துவிடும். உள்ளே வைக்கும் சிறு ஓவன் வெப்பமானி ஒன்று இருந்தால் நிம்மதி. கறுப்பு நிற மெல்லிய தட்டுகள் அடிச்சூட்டை வேகமாகக் கடத்தி அடிப்பாகத்தைச் சிவக்கவைக்கும். வெளிர் நிற அலுமினியத் தட்டு நல்லது, இல்லையேல் இரண்டு தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பயன்படுத்துங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு தட்டு, நடு அடுக்கில், 18 முதல் 20 நிமிடம் என்பது பொதுக்கணக்கு. எல்லா குக்கீகளையும் உள்ளே தள்ளுவதற்குமுன் இரண்டே இரண்டை மட்டும் சுட்டுப் பாருங்கள். அந்த இரண்டும் உங்கள் ஓவனைப் பற்றி எந்தச் செய்முறையும் சொல்ல முடியாததைச் சொல்லும். பன்னிரண்டாம் நிமிடத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்பி, மேலே ஓர் அலுமினியத் தாளை அழுத்தாமல் தளர்வாகப் போர்த்திவிட்டால் மேற்பரப்பு சிவக்காமல் உள்ளே வேகும்.

வெந்துவிட்டதை எப்படி அறிவது? நிறத்தைப் பார்க்க முடியாது என்பதால் மற்றப் புலன்களைத் துணைக்கொள்ள வேண்டும். முதலாவது மணம். தொடக்கத்தில் ஓவனிலிருந்து பச்சைப் புல்லின் வாடை வரும். குக்கீ வேகும் கட்டத்தில் அது அடங்கி வெண்ணெய் மணம் மேலோங்கும். அதற்குமேல் வறுத்த கடலை போன்ற மணம் வந்தால் எல்லை தாண்டிவிட்டது. இரண்டாவது, மேற்பரப்பின் ஈர மினுமினுப்பு முற்றிலும் மறைந்து மங்கலாகியிருக்க வேண்டும். நடுவில் மட்டும் கரும்பச்சையாக ஈரம் தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம். மூன்றாவது, ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தொட்டால் உறுதியாகவும், நடுப்பகுதி இலேசாக அமுங்குவதாகவும் இருக்க வேண்டும். கடைசியாக, ஒன்றை மெல்லிய கத்தியால் தூக்கி அடியைப் பாருங்கள். அடி உலர்ந்து, மேற்புறத்தைவிட ஒரு சாயல் மட்டும் ஆழ்ந்திருந்தால் சரி. சூட்டில் இருக்கும்போது மெத்தென்று இருப்பதைக் கண்டு மீண்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள். உருகிய வெண்ணெய் ஆறி இறுகும்போதுதான் மொறுமொறுப்பு வருகிறது.

தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றி முழுவதும் ஆறவிடுங்கள். சூடான தட்டில் நெடுநேரம் விட்டால் அடி தொடர்ந்து வெந்துகொண்டே இருக்கும். அடுத்த தொகுதியை அதே சூடான தட்டில் அடுக்கக் கூடாது. அடுப்புக்குள் போகுமுன்பே வெண்ணெய் உருகிக் குக்கீ பரந்துவிடும். முழுவதும் ஆறியபின் ஒன்றை உடைத்துப் பார்க்கையில் நடுவே மாவுத்தன்மை தெரிந்தால், 120 டிகிரியில் ஆறு, ஏழு நிமிடம் திரும்ப வைத்து உலர்த்தலாம். பழுப்பேறிப்போனதை மீட்பதற்கு வழியில்லை. வேகாததை மீட்க வழி உண்டு. ஐயம் வந்தால் முன்னதாகவே எடுங்கள்.

வெள்ளைச் சாக்லேட்டும் சிவப்பும்

பச்சைக்கு வெண்மையும் ஓரிரு சிவப்புப் புள்ளிகளும் போதும். எலுமிச்சைச் சாறு கலந்த ஐசிங்கைப் பூசுவது பரவலான வழக்கம்; ஆனால் அதன் ஈரம் குக்கீயை மென்மையாக்குகிறது, அமிலம் தொட்ட இடத்தில் நிறத்தை மங்கவைக்கிறது. வெள்ளைச் சாக்லேட்டில் நீர் மிகக் குறைவு. அதன் பால் இனிப்பு மாட்சாவின் கசப்போடு நன்றாக இணங்கவும் செய்கிறது.

கோகோ வெண்ணெய் சேர்ந்த உண்மையான வெள்ளைச் சாக்லேட்டானால் அதைப் பக்குவப்படுத்த வேண்டும். இல்லையேல் இறுகும்போது மேலே வெண்திட்டுகள் தோன்றும், விரலில் ஒட்டும். 100 கிராமை நறுக்கி, கொதிக்காத வெந்நீரின் ஆவியில் 42 டிகிரி வரை உருக்குங்கள். மீதி 50 கிராமைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து 26 டிகிரிக்கு இறங்கும்வரை கிளறுங்கள். பிறகு சிறிது சூடேற்றி 28, 29 டிகிரியில் நிறுத்திக்கொண்டு தோய்க்கலாம். ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகும். பாத்திரம், கரண்டி, கை எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். தாவரக் கொழுப்பில் செய்த கோட்டிங் சாக்லேட்டுக்கு இவ்வளவு தேவையில்லை, உருக்கினால் போதும். நாவில் மெழுகுபோல் தங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குக்கீயின் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் தோய்த்து, விளிம்பில் மிகுதியை வழித்துவிட்டுத் தாளில் வையுங்கள். முழுவதையும் மூடினால் காப்பாற்றிய பச்சை கண்ணுக்குத் தெரியாமல் போகும். சாக்லேட் இறுகுமுன் உலர்ந்த ஸ்ட்ராபெரித் துணுக்குகளைச் சாக்லேட்டின் மேல் மட்டும் தூவுங்கள். அவை அமிலமானவைதாம், ஆனால் உலர்ந்த நிலையில், சாக்லேட் நடுவே நிற்பதால், குக்கீயைப் பாதிப்பதில்லை. இறுகுவதற்கு 20 டிகிரி அளவிலான குளிர்ந்த அறையே சிறந்தது. அதைவிட வெப்பமான இடமானால் பத்து நிமிடம் மட்டும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்துவிடுங்கள்.

சேமித்தலும் முன்கூட்டித் திட்டமிடலும்

கண்ணாடிச் சாடியில் குக்கீகளை அடுக்கி மேசையில் வைப்பது அழகாக இருக்கும்; சில நாள்களில் வெளிச்சம் பட்ட பக்கம் வெளுத்திருக்கும். ஒளி புகாத, காற்றுப்புகாத தகர டப்பாவே இதற்கு உரியது. அடுக்குகளுக்கு நடுவே தாள் வைத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு வாரம் வரை உண்ண நன்றாக இருக்கும். நிறமும் மணமும் சிறந்து விளங்குவது முதல் வாரத்தில்தான். பட்டை, கிராம்பு, இஞ்சி சேர்த்த பண்டிகைக் குக்கீகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஓரிரவில் மாட்சா மணம் காணாமல் போகும். பரிசுப் பெட்டியில் எல்லா வகையும் இடம்பெற வேண்டுமானால் இவற்றைத் தனிச் சிறு உறையில் இட்டு மூடி வையுங்கள்.

பண்டிகை வாரத்தின் நெருக்கடியைக் குறைக்க, சுட்ட குக்கீயைச் சேமிப்பதைவிடச் சுடாத மாவைச் சேமிப்பது நல்லது. தேய்த்த தாள்களையோ உருளைகளையோ இரண்டடுக்கில் இறுகச் சுற்றி உறைநிலைப் பெட்டியில் ஒன்றரை மாதம் வரை வைக்கலாம். முந்திய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி மெதுவாக உறைவு நீங்கவிட்டு, வழக்கம்போல் வெட்டிச் சுடுங்கள். வெட்டியபின் உறையவைத்தவற்றை அப்படியே சுடலாம். இரண்டு, மூன்று நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். மீந்த மாட்சா தூளை அதன் டப்பாவிலேயே இறுக மூடிக் குளிரில் வையுங்கள்; திரும்ப எடுக்கும்போது அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள், இல்லையேல் உள்ளே ஈரம் படிந்து தூள் கட்டியாகும். திறந்த டப்பாவை இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

பரிசாகக் கொடுக்கும்போது உறையின்மேல் சுட்ட தேதியையும், கோதுமை, பால், முட்டை ஆகியவை சேர்ந்திருப்பதையும், சாக்லேட்டில் சோயா இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். இந்த அளவில் ஒரு குக்கீயில் சுமார் 10 மில்லிகிராம் காஃபின் இருக்கும். பெரியவர்களுக்கு அது பொருட்டல்ல. இரவில் நாலைந்தைத் தின்னும் சிறு குழந்தையின் தூக்கத்துக்கு அது பொருட்டாகலாம் என்பதால், அந்த ஒரு வரியையும் தேதிக்குக் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள்.